பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர்

1

எங்கள் மகனுக்கு ஒரு வயது முடிந்த அன்றுதான் மேலூரிலிருந்து அம்மாவின் காசெட் வந்தது. இங்கே கனடாவில், ஹாமில்டனில், அப்போது பனி உருகத் தொடங்கியிருந்தது. தெருவோரக் குவியல்கள் கறுத்துச் சேறாகி, பார்க்கவே அலுப்பாக இருக்கும் பருவம். மகளைப் பள்ளிக்கு அனுப்பி, மகனுக்கு ஊட்டி, துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு தபால் பெட்டியைத் திறந்தால் பழுப்பு உறை ஒன்று இருந்தது.

அம்மாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. அதனால் என் கணவர் ஒருமுறை ஊருக்குப் போனபோது ஒரு டேப் ரெக்கார்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அதுமுதல் அம்மா எங்கள் வீட்டுக்குக் குரலாகத்தான் வந்து போகிறாள்.

கேக் வெட்டுவதற்கு முன்னால் போட்டுக் கேட்டோம்.

"ஏத்தா சரசு... ஓடுதாடி இது? செகப்பு லைட்டு எரியுதா? ம், பேசுறேன். நல்லாருக்கியா? மாப்ள நல்லாருக்காரா? பேரனுக்கு மொட்டை போட்டாச்சான்னு போன தடவையே கேட்டேன், பதிலக் காணோம். முடியோட ஒரு வயசு முடிச்ச புள்ளைய நம்ம வகையறாவுல நான் பாத்ததில்லத்தா. குளிரு குளிருங்குற. குளிருக்கும் கொலசாமிக்கும் என்ன சம்பந்தம்?"

இவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. மொட்டை விஷயத்தில் நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியாது. மைனஸ் குளிரில் குழந்தையின் தலையை மழிப்பது சரியில்லை என்று தோன்றியது. மழிக்காமல் விட்டதும் சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு அம்மா என் தங்கை பூங்கொடியைப் பற்றிச் சொன்னாள். அவளுக்கு வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். கத்திரி வெயிலில் பிறக்குமாம்.

"மதுரையில புதுசா ஒரு நர்சிங் ஹோம். அங்கதேன் காட்டுறோம். டாக்டரம்மா சின்னப் புள்ள, ஒன் வயசுகூட இருக்காது. நெறைய தண்ணி குடி, நெறைய தண்ணி குடின்னு அதுக்கு ஒரே பாட்டு. சரி, வயித்துல இருக்கையில குடிச்சுட்டுப் போகட்டும். பெத்தப்பறம் நம்ம பாத்துக்கிருவோம்."

டேப்பின் மறுபக்கத்தில் பூங்கொடி மட்டும் பேசினாள், அடித்தொண்டையில்.

"அக்கா, அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கு. வெரசா சொல்லிர்றேன். எனக்கு ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்து காச்சலாயிருச்சு. கிட்னிக்கு ஆகாது, பெத்த பின்னாடியும் தண்ணிய விட்றாதேன்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. அம்மா அங்க தலைய தலைய ஆட்டிட்டு, பஸ்ஸுல வாரப்பவே சொல்லுது, தீட்டுக் கழியுற வரைக்கும் நாக்க நனைக்கத்தேன் தண்ணின்னு. நான் சொன்னா, பேங்குல டைப் அடிக்கிறவ எனக்குச் சொல்ல வந்துட்டாளான்னு கேக்குது. மாட்டுக்கு இம்புட்டுத் தண்ணி காட்டுது, மகளுக்குக் காட்ட மாட்டேங்குது. நீ சொல்லுக்கா. நீ சொன்னா கேக்கும். எனக்குப் பயமா இருக்கு."

அதோடு டேப் நின்றது. மகன் கேக்கில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். மேலூரின் மே மாத வெயிலில், ஓட்டு வீட்டின் உள்ளறையில், பிள்ளை பெற்றுக் கிடக்கும் உடம்பு தண்ணீருக்கு எப்படித் தவிக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கே கிடந்தவள்தான்.

2

என் மகள் கவிதா பிறந்தது எமர்ஜென்சி முடிந்த மறுவருடம், மதுரையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வீட்டுக்கு வெளியே பிரசவித்தவள் நான்தான். அம்மாவுக்கு அது அவமானமா பெருமையா என்று அவளுக்கே புரியவில்லை. வார்டில் கட்டிலுக்கு மேலே நானும் குழந்தையும், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அம்மாவும். பக்கத்துக் கட்டிலில் மூன்றாவது பெற்றவளிடம் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லித் தினமும் ஒருவர் வந்து பேசுவார். அவள் மாமியார் அந்த நேரம் பார்த்து எங்காவது போய்விடுவாள். என்னிடமும் வந்து, "இது மொதல்லதான? அடுத்ததோட நிறுத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சரி என்றேன். யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிப் பழகியவள்.

நர்ஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அதற்கும் சரி என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் அம்மா வெந்நீரில் பஞ்சை நனைத்து என் உதட்டில் ஒற்றினாள். அவ்வளவுதான்.

மேலூருக்கு வந்த பிறகு பஞ்சும் குறைந்தது. பூண்டுக் குழம்பு, கருவாடு, பிரசவ லேகியம், வெற்றிலை எல்லாம் நேரத்துக்கு வந்தன. தண்ணீர் வரவில்லை. சொம்பை அம்மா நிலைப்படிக்கு மேலே பலகையில் கவிழ்த்து வைத்திருந்தாள். என் கைக்கு எட்டாது; எட்டினாலும் எழுந்து எடுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். வெளியே குழாயடியில் யாராவது குடம் வைத்தால் தண்ணீர் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். குடம் நிறைய நிறைய ஓசை மாறும். எப்போது நிறையும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

ஒருநாள் கொல்லையில் வைத்து எனக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையில் விழுந்த தண்ணீர் முகத்தில் வழிந்தபோது நான் வாயைத் திறந்துவிட்டேன். நினைத்துச் செய்ததில்லை, வாய் தானாகத் திறந்தது. அம்மா சொம்பைக் கீழே போட்டுவிட்டு என் வாயைப் பொத்தினாள். பல்லில் உதடு பட்டு வலித்தது. நிமிர்ந்து பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள்.

"எங்கக்காவும் இப்படித்தேன்டி வாயத் தொறந்தா" என்றாள்.

அம்மாவுக்கு ஓர் அக்கா உண்டு என்பதும், அவள் திருவாதவூரில் பிள்ளை பெற்ற வீட்டில் இறந்துபோனாள் என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். மற்றதை அன்றுதான் சொன்னாள்.

"பெரியவுக எல்லாரும் நடவுக்குப் போயிட்டாக. நான் மட்டுந்தேன் காவலுக்கு. தண்ணி தண்ணிங்குறா. கைய வச்சுப் பாத்தா சுட்டுச்சு, அடுப்பு மாதிரி. பாவமா இருந்துச்சு. ஒரு சொம்பு குடுத்தேன். கடகடன்னு குடிச்சா. பொழுது சாய ஜன்னி கண்டுருச்சு. மறுநா விடியல. என் கையாலடி. என் கையால குடுத்தேன்."

அதற்குப் பிறகு நான் தண்ணீர் கேட்கவில்லை.

3

மகன் பிறந்தபோது அம்மா இங்கே வந்திருக்க வேண்டும். அதற்காக ஏழாம் மாதமே தாள்களை அனுப்பினோம். அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, பள்ளிச் சான்றிதழ் கிடையாது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் வேறு பெயர். இரண்டும் ஒருத்திதான் என்று வக்கீல் எழுதிக் கொடுத்து, அதைத் தாசில்தார் பார்த்து, போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது அம்மா வயலில் இருந்ததால் 'ஆள் இல்லை' என்று அவர் எழுதிக்கொண்டு போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். பாஸ்போர்ட் வரும்போது குழந்தைக்குக் கழுத்து நின்றிருந்தது.

இங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் 'வீட்டில் உதவிக்கு யார்' என்று ஒரு கட்டம். 'அம்மா' என்று எழுதி, அடித்து, 'கணவர்' என்று எழுதினேன். அவர் இரும்பாலையில் வரைபடம் போடுகிறவர். அந்த வருடம் ஆலையில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். விடுப்பு கேட்கவே பயம்.

பிள்ளை பிறந்து என்னை அறைக்குக் கொண்டுவந்ததும் நர்ஸ் செய்த முதல் வேலை, பனிக்கட்டி மிதக்கும் ஒரு கூஜாத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்ததுதான். நான் அதைப் பார்த்த பார்வையை நீங்கள் புரிந்துகொள்வீர்கள், அவளுக்குப் புரியவில்லை. நான் குடிக்காததால் தண்ணீரில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து மாற்றினாள். மறுபடியும் மாற்றினாள். மூன்றாம் முறை, இவரை வெளியே அழைத்து, "உங்கள் மதத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டாளாம். இவர் மதம் இல்லை, மாமியார் என்று சொல்லியிருக்கிறார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

நான் கொஞ்சம் இறங்கிவந்து, வெந்நீர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் ஓடிப்போய் ஒரு ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி என் இடுப்புக்கு அண்டக் கொடுத்தாள். இதமாகத்தான் இருந்தது. குடிக்கக் கேட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, நன்றி சொல்லிப் படுத்துக்கொண்டேன். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள் நான். சிறுநீரகம் என்ன செய்கிறது என்று படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவள். அந்தப் படம் ஒரு பக்கம், என் வாயைப் பொத்திய கை ஒரு பக்கம். கைதான் பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, தாய்சேய் நலத்தைப் பார்க்கிற நகராட்சி நர்ஸ் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் பெயர் ரூத். அவள் வருகிறாள் என்றால் நான் வீட்டைக் கழுவித் துடைத்து, பரீட்சைக்குப் போகிறவளைப் போல உட்கார்ந்திருப்பேன். குழந்தையின் எடை குறைந்திருந்தது. எனக்குப் பால் போதவில்லை. புட்டிப்பால் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. ரூத் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "நீ கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய்?" என்றாள். எனக்கு நினைவில்லை.

அவள் போன பிறகு சீரகம் போட்டுத் தண்ணீர் காய்ச்சினேன். ஆற்றினேன். அடுப்பங்கரையில் நின்றபடியே, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தேன். பிறகு உட்கார்ந்து, வயிறு ஊதுகிறதா, ஜன்னி காணுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் பால் ஊறியது. பிள்ளை தேறினான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் வேறொன்று கனத்தது. தண்ணீரால் ஒன்றும் ஆகாது என்றால், குழாயடி ஓசையைக் கேட்டுக்கொண்டு நான் கிடந்த நாட்களெல்லாம் எதற்காக? அம்மாவிடம் இதைப் பற்றி எந்த காசெட்டிலும் நான் சொல்லவில்லை. பால் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இப்போது பூங்கொடிக்காகச் சொல்லியாக வேண்டும்.

4

மகனுக்கு ஊசி போடக் கிளினிக்குக்குப் போனபோது ரூத் இருந்தாள். எப்படியோ ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்து, திருவாதவூர்ப் பெரியம்மாவின் கதையைச் சொல்லி, "ஒரு சொம்பு தண்ணீர் பிள்ளை பெற்றவளைக் கொல்லுமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிடுவாளோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "உடம்பு சுட்டது என்றாயே, அது தண்ணீர் குடிப்பதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டாள். முன்பு என்றேன். "அப்படியானால் அவளுக்கு ஏற்கெனவே பிரசவக் காய்ச்சல் வந்திருந்தது. கிருமியால் வருவது. தண்ணீர் குடித்ததால் காய்ச்சல் வரவில்லை. காய்ச்சல் வந்ததால்தான் தண்ணீர் கேட்டிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.

பேருந்தில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் நீ நினைத்தது தப்பு என்று சொல்வதா? எனக்கு நீ தண்ணீர் கொடுக்காதது வீண் என்றா? வெளிநாட்டுக்குப் போனதும் மகளுக்கு வாய் நீண்டுவிட்டது என்பாள். என்பாளோ, மாட்டாளோ, அந்தப் பயம்தான் என்னைத் தின்றது.

இவர், "சுத்தி வளைக்காத. டாக்டர் சொல்லிட்டாங்கன்னு சொல்லு, முடிஞ்சது" என்றார்.

"எங்கம்மாவ உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். அதான் நீ பேசு, நான் பேசலங்கிறேன்."

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மா தடுப்பது தண்ணீரைத்தான், மருந்தை இல்லை. அதனால் காசெட்டில் இப்படிப் பேசி வைத்தேன்: "அம்மா, இங்க பிள்ளை பெத்தவங்களுக்கு ஒரு கஷாயம் குடுக்கறாங்க. ரொம்ப நல்லது. சீரகம் ஒரு கரண்டி, ஓமம் ஒரு சிட்டிகை, ஒரு படி தண்ணி விட்டுக் கொதிக்க வச்சு ஆறவச்சு, பிள்ளைக்குப் பால் குடுக்கும்போதெல்லாம் ஒரு டம்ளர் குடுக்கணும். பூங்கொடிக்கும் குடு." போட்டுக் கேட்டேன். என் குரல் எனக்கே கள்ளக் குரலாகக் கேட்டது. ஆனால் யாருக்கும் நோகாத வழி. அழகாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்து உறையில் போட்டு ஒட்டினேன்.

5

கவிதாவுக்கு ஆறு வயதாகிறது. வீட்டில் தமிழ் பேச வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். அவள் தமிழ்ச் சொற்களை ஆங்கில வரிசையில் அடுக்குகிறாள். 'அம்மாச்சி' என்று சொல்லும்போது நடுவில் எங்கேயோ நாக்கு சறுக்குகிறது. காசெட்டில் அம்மாச்சி பேசினால் முதல் இரண்டு நிமிடம் உட்காருவாள், பிறகு டி.வி. பக்கம் கண் போய்விடும். இவளுக்கும் மேலூருக்கும் நடுவில் நான் ஒருத்திதான் கயிறு என்று நினைக்கும்போது கை வலிக்கிறது.

ஒட்டிய உறையைப் பார்த்து, அம்மாச்சிக்கு என்ன அனுப்புகிறாய் என்று கேட்டாள். சித்திக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி என்றேன்.

"ஏன், அம்மாச்சி குடுக்க மாட்டாங்களா? அம்மாச்சி மீனா?"

மீன் என்கிறாளோ என்று ஒரு கணம் குழம்பி, பிறகு புரிந்தது. 'மீன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு, கொடுமைக்காரியா என்று கேட்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவைப் பற்றி அப்படி ஒரு சொல் இந்த வீட்டில் விழக்கூடாது என்று, சொல்லலாமா கூடாதா என்று யோசிக்காமல், அந்தப் பன்னிரண்டு வயதுக் கதையை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அவள் டி.வி.யை விட்டுத் திரும்பி உட்கார்ந்து கேட்டாள்.

"அம்மாச்சிய எல்லாரும் திட்டினாங்களா?"

"தெரியலம்மா. திட்டியிருப்பாங்க."

"ஸ்கூல்ல வளர்க்கிற ஹாம்ஸ்டர் எலி லீவுக்கு நம்ம வீட்டுக்கு வந்துச்சுல்ல. நான் தண்ணி வச்சேன். செத்துப் போச்சு. மிஸ் சொன்னாங்க, அது வயசானதால செத்துச்சு, ஒன் தப்பு இல்லன்னு. ரெண்டு தடவ சொன்னாங்க." சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள். "அம்மாச்சிக்கு மிஸ் இல்லையா?"

"இல்ல. அம்மாச்சி பள்ளிக்கூடம் போகல."

"அப்ப அம்மாச்சிகிட்ட யாரு சொன்னா?"

அவள் மறுபடி டி.வி. பக்கம் திரும்பிவிட்டாள்.

அதுவரை நான் அம்மாவை, சொம்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காவல் நிற்கிறவளாகத்தான் பார்த்திருந்தேன். அவளை மீறுவது எப்படி, அவளுக்கு நோகாமல் மீறுவது எப்படி என்றுதான் யோசித்தேன். ரூத் எனக்குச் சொன்னது, நான் அம்மாவிடம் சொல்லப் பயந்தது, அம்மாவைக் குற்றம் சாட்டுகிற செய்தியே இல்லை. அது அவளை விடுவிக்கிற செய்தி. அதைக் கஷாயத்துக்குள் ஒளித்து அனுப்பப் பார்த்தேன்.

உறையைப் பிரித்து காசெட்டை எடுத்து வைத்துவிட்டேன். காசெட் போய்ச் சேர்வதற்குள் பிள்ளையே பிறந்துவிடலாம். டெலிபோன் நிலையத்தைக் கூப்பிட்டு டிரங்க் கால் பதிவு செய்தேன்.

6

மேலூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் போன் இருப்பது சோலை அண்ணன் உரக்கடையில் மட்டும்தான். அங்கே காலை, இங்கே சாயங்காலம். இணைப்பு கிடைத்ததும் அவர் குரல் கேட்டது. "சரசாத்தா? இரு, அத்தை வந்துருச்சு. அத்தை, இந்தப் பக்கத்த காதுல வையுங்க. அது வாயி. ஆங், அப்படித்தேன்."

"ஹலோ! யாருக்கு என்னடி ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா போனு? கூட்டியாரச் சொல்லி ஆளு வந்ததுல எனக்குக் காலு ஓடல. சோலை, ஒண்ணுமில்லையாம்ப்பா."

"பூங்கொடி எப்படி இருக்கா?"

"மாங்காயாத் தின்னுக்கிட்டுத் திரியுறா. எதுக்குடி கூப்ட்ட?"

மனதுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. பேசினால் என் குரலே ஒரு நொடி கழித்து எனக்குத் திரும்பி வந்தது.

"அம்மா, திருவாதவூர்ப் பெரியம்மா இருந்தாங்கல்ல. அவங்க தண்ணியால சாகலம்மா."

*சாகலம்மா* என்று கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் கடையில் மூட்டை இறக்குகிற சத்தம்.

"யாரு சொன்னா?"

"இங்க ஒரு நர்சம்மா."

"அவ பாத்தாளாக்கும்?"

"பாக்கலம்மா. நீ பாத்த. நீதான சொன்ன, கைய வச்சா அடுப்பு மாதிரி சுட்டுச்சுன்னு. எப்ப சுட்டுச்சு? தண்ணி குடுக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இணைப்பு போய்விட்டதோ என்று, "அம்மா, அம்மா" என்றேன். இரண்டு அம்மாவும் எனக்கே திரும்பி வந்தன.

"முன்னாடிதேன்" என்றாள். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "சுட்டதுனாலதேன் குடுத்தேன்."

"அது கிருமிக் காய்ச்சல். அப்பவே வந்துருச்சு. அதான் அவங்களுக்கு அம்புட்டுத் தாகம். நீ குடுத்ததால எதுவும் ஆகல. கடைசியா அவங்க கேட்டத நீ ஒருத்திதான் குடுத்திருக்க. ஒன் தப்பு இல்லம்மா." கவிதாவின் டீச்சரை நினைத்துக்கொண்டேன். "ஒன் தப்பு இல்ல."

பூங்கொடியைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆபரேட்டர் குறுக்கே வந்து நேரம் முடிந்தது என்றாள். அந்தப் பக்கம், "அத்தை, வச்சுருங்க, முடிஞ்சுருச்சு... அத்தை?" என்று சோலை அண்ணன் சொல்வது கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

எதற்காகக் கூப்பிட்டேனோ அதைச் சொல்லவே இல்லை. தங்கைக்குத் தண்ணீர் கொடு என்கிற ஒரு வார்த்தை. ஐம்பது வயதில் அம்மாவை நாலு பேர் நிற்கிற கடையில் அழவைத்ததுதான் மிச்சமோ என்று அன்று இரவு முழுவதும் மாய்ந்துபோனேன். சாதத்தைக் குழைய விட்டேன். மகனுக்கு உப்பில்லாமல் ஊட்டினேனா, உப்பு போட்டு ஊட்டினேனா என்று நினைவில்லை.

7

ஜூன் மாதம் நடுவில் அடுத்த காசெட் வந்தது. பொண்ணு பிறந்திருக்கிறது என்று தந்தி முன்பே வந்துவிட்டது. தாயும் சேயும் நலம் என்று எல்லாத் தந்தியிலும் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தது. அதை நம்புவதா வேண்டாமா என்று காசெட் வருகிறவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

முதலில் அம்மா. குழந்தை யார் சாடை, மாப்பிள்ளை வீட்டார் என்ன போட்டார்கள், வெயில் எப்படிக் கொளுத்துகிறது, கல் ஏற்றிப் போகிற லாரிகள் தெருவில் எவ்வளவு புழுதி கிளப்புகின்றன, பேரனுக்கு எப்போது மொட்டை. போனில் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் பற்றியும் இல்லை. காசெட்டைத் திருப்பிப் போட்டேன்.

மறுபக்கத்தில் பூங்கொடி. இந்த முறை அடித்தொண்டையில் பேசவில்லை.

"அக்கா, நல்லாருக்கேன். ஆஸ்பத்திரியில நர்சு தண்ணி குடுத்தா. அம்மா நான் பாக்க மாட்டேன்னு எந்திரிச்சு வெளிய போயிருச்சு. ஆனா தடுக்கல. வீட்டுக்கு வந்தன்னைக்கு அதுவே சீரகம் போட்டுக் காச்சி, ஆறவச்சு, சொம்புல கொண்டாந்துச்சு. நான் கைய நீட்டுறேன், குடுக்க மாட்டேங்குது. அது மொதல்ல ஒரு மடக்குக் குடிச்சுச்சு. குடிச்சுட்டு சும்மா நின்னுச்சு. கொஞ்ச நேரங்கழிச்சுத்தேன் எங்கிட்ட குடுத்துச்சு. ஒரு தடவ இல்லக்கா, ஒவ்வொரு தடவையும் அப்படித்தேன். எச்சித் தண்ணியாக் குடுக்குறியேம்மான்னா, குடிடிங்குது. நான் குடிச்சு முடிச்சதும் நெத்தியில கைய வச்சுப் பாக்குது."

கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். டேப் ரெக்கார்டரை அணைக்க பூங்கொடி மறந்துவிட்டாள் போலிருக்கிறது. சுருள் ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை சிணுங்கியது. ஒரு லாரி போயிற்று. கதவு திறக்கிற ஓசை, பாத்திரம் இடிபடுகிற ஓசை. "இந்தா, எந்திரி, பாலு குடுக்கப் போறயில்ல" என்று அம்மா தூரத்தில் சொன்னாள். பிறகு யாரும் பேசவில்லை.

"அம்மாச்சி என்ன பண்றாங்க?" என்று கவிதா கேட்டாள்.

நான் ஒலியைக் கூட்டி வைத்தேன்.

"தண்ணி குடிக்கிறாங்க" என்றேன்.